பர்மிஷன் இல்லையா? ‘பாஸ்’ யாருன்னு பாருங்க!

செமஸ்டர் ஆரம்பிச்ச முதல் வாரத்தில் ஹாஸ்டல் ரூம்களில் அதிகம் கேட்கிற புலம்பல் எது தெரியுமா மக்களே? மெஸ் சாம்பார் பத்தின புலம்பல் இல்லை. “மச்சி, இன்ஸ்டால் ஆக மாட்டேங்குதுடா!” அதுதான்.

ராத்திரி முழுக்க நெட் பேக்கைத் தின்னு டவுன்லோட் முடிஞ்சிருக்கும். ஆசையா டபுள் கிளிக் பண்ணுவோம். பச்சைக் கோடு முக்கால்வாசி தூரம் ஜம்முன்னு ஓடும். அப்புறம் ஒரு பெட்டி குதிச்சு வந்து நிற்கும். விண்டோஸ்னா ‘அக்சஸ் இஸ் டினைடு’. லினக்ஸ்னா ‘பர்மிஷன் டினைடு’. வார்த்தைதான் வேற, அர்த்தம் ஒண்ணுதான்: “தம்பி, இதுக்கு மேல உனக்கு அனுமதி இல்லை!”

உடனே பக்கத்து ரூமிலிருந்து மூணு வைத்தியர்கள் வருவாங்க. முதல் ஆள், “ரீஸ்டார்ட் பண்ணிப் பாருடா” என்பார். இரண்டாவது ஆள், “அந்த யு.ஏ.சி.யை ஆஃப் பண்ணிடு, தொல்லையே இருக்காது” என்பார். மூணாவது ஆள் லினக்ஸ் புலி. “777 கொடு மச்சி, எல்லாம் ஓடும்!” இந்த மூணில் முதல் வைத்தியத்தால் மட்டும்தான் உடம்புக்குக் கெடுதல் இல்லை.

அந்தப் பெட்டியைப் பார்த்ததும் நமக்குக் கோபம் வருது. ஆனா அது கேட்கிறது ரெண்டே கேள்விதான். ‘நீ யார்? நீ கை வைக்கிற இடம் யாருடையது?’ இந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சிட்டா பாதிப் பிரச்னை முடிஞ்சது.

கண்மாயும் கம்ப்யூட்டரும்

நம்ம ஊர் கமுதி. முண்டு மிளகாயும் கண்மாயும்தான் ஊரோட அடையாளம். (2023-ல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடே கிடைச்சிடுச்சு. ஒரு சின்ன பெருமை, கண்டுக்காதீங்க!) மழை கம்மியான இந்தப் பக்கத்தில் கண்மாய்த் தண்ணியை எப்படிப் பங்கு வைப்பாங்கன்னு ஊரில் தாத்தா பாட்டி இருந்தா கேட்டுப் பாருங்க.

உங்க வயலில் என்ன வேணும்னாலும் போடலாம். நெல்லோ மிளகாயோ, அது உங்க இஷ்டம். ஆனா கண்மாய் மடையை நீங்க திறக்க முடியாது. அதுக்குன்னு நீர்பாய்ச்சின்னு ஒருத்தர் இருப்பார். முறை வச்சு அவர்தான் திறப்பார், அவர்தான் அடைப்பார். ‘என் பயிர் காயுது’ன்னு ஆளாளுக்கு மண்வெட்டியைத் தூக்கிட்டுப் போய் கரையை வெட்டினா என்ன ஆகும்? அன்னிக்கு ராத்திரி எல்லார் வயலும் நனையும். மறுநாள் கண்மாய் காலி.

கம்ப்யூட்டரும் அப்படித்தான். உங்க பெயரில் இருக்கிற ஃபோல்டர் உங்க வயல். ‘புரோகிராம் ஃபைல்ஸ்’, ‘விண்டோஸ்’ ஃபோல்டர்கள், லினக்ஸில் ‘யூஎஸ்ஆர்’, ‘ஈடிசி’ இதெல்லாம் பொது மடை. விண்டோஸில் நீர்பாய்ச்சிக்கு அட்மினிஸ்ட்ரேட்டர்னு பேர், லினக்ஸில் ரூட். சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பண்றதுன்னா பெரும்பாலும் மடையில் கை வைக்கிறதுதான். அதனாலதான் கேட்டில் நிறுத்துறாங்க.

இந்தக் கேட் எதுக்கு வந்ததுங்கிறதில் நம்மளை மாதிரி ஒரு ஸ்டூடன்ட்டுக்கும் பங்கு இருக்கு. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர் பங்கு போட்டுக்கிற சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பு வந்தது. ஒவ்வொருத்தருக்கும் ஒரு பாஸ்வேர்ட், அளந்து கொடுத்த நேரம். ஆலன் ஷெர்னு ஒரு ஆராய்ச்சி மாணவருக்கு அந்த நேரம் பத்தலை. 1962-ல் அவர் பாஸ்வேர்ட் ஃபைலையே பிரின்ட் எடுக்கச் சொல்லி கம்ப்யூட்டருக்கு ஒரு பஞ்ச் கார்டைக் கொடுத்துட்டார். அதுவும் சமத்தா பிரின்ட் பண்ணிக் கொடுத்துடுச்சு! பாஸ்வேர்ட் மட்டும் வச்சா பத்தாது, ‘எந்த ஃபைலை யார் படிக்கலாம்’னும் காவல் வேணும்னு காட்டின சம்பவம் இது.

1969-ல் பெல் லேப்ஸில் கென் தாம்ப்ஸன், டென்னிஸ் ரிச்சி கூட்டணி தொடங்கின யுனிக்ஸ், இந்தக் காவலை எளிமையாக்கிச்சு. இன்னிக்கு லினக்ஸில் நாம பார்க்கிறதும் அந்த வழிதான். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு சொந்தக்காரர், ஒரு குழு, அப்புறம் மத்தவங்க. ஒவ்வொருத்தருக்கும் படிக்கலாமா, எழுதலாமா, ஓட்டலாமான்னு மூணு உரிமை. படிக்க 4, எழுத 2, ஓட்ட 1. எல்லாத்தையும் கூட்டினா 7. ஆக, 755-ன்னா சொந்தக்காரருக்கு முழு உரிமை, மத்தவங்க படிக்கலாம், ஓட்டலாம், ஆனா திருத்த முடியாது. 777-ன்னா? கண்மாய்க் கரையை வெட்டி விட்டாச்சுன்னு அர்த்தம்!

விண்டோஸ் கதை வேற. 2001-ல் வந்த எக்ஸ்பியில் வீட்டுக் கம்ப்யூட்டர்னா எல்லாருமே அட்மின். நமக்குச் சௌகரியம்தான். ஆனா நாம ஓட்டுற வைரஸுக்கும் அதே சௌகரியம். அதனால 2007-ல் விஸ்டா வந்தப்போ யு.ஏ.சி.யைக் கொண்டு வந்தாங்க. நீங்க அட்மினாவே இருந்தாலும் சாதாரண ஆளாத்தான் உலாவுவீங்க. மடையில் கை வைக்கிற நேரம் மட்டும் திரை மங்கி, ‘எஸ்’ஸா ‘நோ’வான்னு ஒரு கேள்வி வரும். ‘ஆஃப் பண்ணிடு’ன்னு நம்ம வைத்தியர் சொன்னது இந்தக் கேள்வியைத்தான்.

மெஷின் உங்களுதா?

சரி, வைத்தியத்துக்கு வருவோம். முதல் கேள்வி: மெஷின் யாருடையது?

நம்மில் நிறைய பேர் வீட்டில் இருக்கிற முதல் கம்ப்யூட்டர், அரசு கொடுத்த இலவச லேப்டாப்தான். 2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு தொடங்கின திட்டம் அது. அண்ணனோ அக்காவோ வாங்கினது தம்பி, தங்கச்சின்னு கை மாறியிருக்கும். அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தாங்க. பாஸ்னா ‘பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்’. சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வச்சு உருவாக்கினது. அடுத்து 2025 மார்ச் பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட்னு அறிவிச்சாங்க. அதனால இன்ஸ்டால் பஞ்சாயத்து இன்னும் பல லட்சம் ரூம்களுக்கு வரப் போகுது!

சொந்த லேப்டாப்னா நீர்பாய்ச்சியும் நீங்கதான். ஆனா எந்த அக்கவுன்ட்டில் உட்கார்ந்திருக்கீங்கன்னு பார்க்கணும். விண்டோஸில் அதுக்கு ஈஸியான வழி இருக்கு. இன்ஸ்டால் பண்ணும்போது ‘எஸ், நோ’ மட்டும் கேட்டா நீங்க அட்மின். பாஸ்வேர்ட் கேட்டா நீங்க சாதாரண யூசர், அட்மின் வேற யாரோ. அக்கா வச்ச பாஸ்வேர்டா இருக்கும், போன் போட்டுக் கேளுங்க!

விண்டோஸ் வைத்தியம்

ஒண்ணு, பெட்டியை மூடுறதுக்கு முன்னாடி அதில் இருக்கிறதைப் படிங்க. எந்த ஃபோல்டரில் எழுத முடியலைன்னு பெரும்பாலும் அதிலேயே இருக்கும். ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க.

ரெண்டு, இன்ஸ்டாலர் மேல ரைட் கிளிக் பண்ணி ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுங்க. அப்போ வர்ற பெட்டியில் தயாரிப்பாளர் பெயரைப் பாருங்க. சரிபார்த்த நிறுவனத்தோட பெயர் இருந்தா நிம்மதி. மஞ்சள் பட்டையோட ‘அன்நோன் பப்ளிஷர்’னு வந்தா, அந்த ஃபைல் எங்கிருந்து வந்ததுன்னு ஒரு நிமிஷம் யோசிங்க.

மூணு, மடையே வேண்டாம், என் வயலே போதும்னும் சொல்லலாம். நிறைய சாஃப்ட்வேர்கள் அட்மின் இல்லாமலேயே உங்க ஃபோல்டருக்குள்ள இன்ஸ்டால் ஆகும். வி.எஸ். கோடில் ‘யூசர் இன்ஸ்டாலர்’னு தனியா இருக்கு. அனகோண்டா ‘ஜஸ்ட் மீ’யா, ‘ஆல் யூசர்ஸ்’ஸான்னு கேட்கும். ‘ஜஸ்ட் மீ’ கொடுத்தா வேலை முடிஞ்சது. 

நாலு, நெட்டிலிருந்து வந்த ஃபைலுக்கு விண்டோஸ் ஒரு முத்திரை குத்தி வைக்கும். நம்பிக்கையான ஃபைல்தான், ஆனாலும் ஓட விடலைன்னா, அதோட ‘பிராப்பர்ட்டீஸ்’ போய் ‘அன்பிளாக்’கில் டிக் போடுங்க.

அஞ்சு, எல்லாம் பர்மிஷன் பிரச்னை இல்லை. ‘ஸ்டோர் ஆப்கள் மட்டும்’ங்கிற மாதிரி வந்தா உங்க விண்டோஸ் ‘எஸ் மோட்’ல இருக்கலாம். அதில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருக்கிறதைத் தவிர வேற எதுவும் ஏறாது, நீங்க அட்மினா இருந்தாலும் சரி. செட்டிங்ஸில் போய் இலவசமாவே வெளியே வந்துடலாம். ஆனா வந்தா திரும்பப் போக முடியாது. அதே மாதிரி பழைய வெர்ஷன் பின்னாடி ஓடிட்டு இருந்தாலும் ஃபைலைத் தொட விடாது. முதல் வைத்தியரோட ‘ரீஸ்டார்ட்’ ஜெயிக்கிறது இந்த இடத்தில்தான்!

லினக்ஸ் வைத்தியம்

பாஸ், உபுண்டு, டெபியன் எதுவா இருந்தாலும் ‘ஏப்ட்’ல இன்ஸ்டால் பண்ணும்போது ‘ஆர் யூ ரூட்?’னு கேட்டு நிறுத்தும். நக்கல்னு நினைக்காதீங்க, உண்மையான கேள்வி. முன்னாடி ‘சூடோ’ சேர்த்தா முடிஞ்சது. இந்த சூடோ 1980 வாக்கில் பஃபலோவில் இருக்கிற நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் எழுதினது. ரூட் பாஸ்வேர்டை எல்லார் கையிலும் கொடுக்காம, ஒரு வேலைக்கு மட்டும் அதிகாரத்தைக் கடன் கொடுக்கிற ஏற்பாடு.

அந்த எர்ரரில் ஒரு நம்பரும் இருக்கும், கவனிங்க. 13 வந்தா பர்மிஷன் பிரச்னை, சூடோ போடுங்க. 11 வந்தா, பின்னாடி வேற அப்டேட் ஓடிட்டு இருக்கு, பூட்டு அதுகிட்ட இருக்கு. டீ குடிச்சிட்டு வாங்க. பூட்டு ஃபைலை டெலிட் பண்ணச் சொல்ற அண்ணன்களை நம்பாதீங்க. பாதியில் கலைச்சா அந்த அப்டேட் அரைகுறையா நின்னுடும்.

‘நீ சூடோயர்ஸ் பட்டியலில் இல்லை, இந்தச் சம்பவம் ரிப்போர்ட் செய்யப்படும்’னு வந்தா பயப்படாதீங்க. போலீஸ் வராது! அந்த மெஷினோட அட்மினுக்குத்தான் குறிப்பு போகும். சொந்த மெஷின்னா ‘எஸ்யூ’ போட்டு ரூட் பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே போகலாம்.

பென் டிரைவில் கொண்டு வந்த இன்ஸ்டாலர் ஓட மாட்டேங்குதா? பெரும்பாலான பென் டிரைவ்களின் ஃபார்மேட்டில் ‘ஓட்டலாம்’ங்கிற லினக்ஸ் முத்திரையைப் பதிய இடமே கிடையாது. ஃபைலை உங்க ஹோம் ஃபோல்டருக்குக் காப்பி பண்ணி, அந்த ஒரே ஒரு ஃபைலுக்கு மட்டும் ஓட்டும் உரிமை கொடுங்க.

பைத்தான்காரங்களுக்கு இன்னொரு தலைவலி. 2023-ல் வந்த டெபியன் 12-லிருந்து, ‘பிப்’ வச்சு நேரா இன்ஸ்டால் பண்ணினா ‘இது வெளியில் நிர்வகிக்கப்படும் சூழல்’னு சொல்லி நிறுத்திடும். சிஸ்டம் தன் வேலைக்கு வச்சிருக்கிற பைத்தானில் நீங்க கை வைக்கக் கூடாதுங்கிறதுக்காக. ‘வென்வ்’னு உங்களுக்கே தனியா ஒரு பாத்தி கட்டிக்கோங்க. புராஜெக்ட்டுக்கு ஒரு பாத்தி. இதைத் தாண்டுறதுக்கு ஒரு ஆப்ஷன் இருக்கு. அதோட பெயரே ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’. பெயரைப் பார்த்தும் போடுறவங்களுக்கு நான் என்ன சொல்ல?

அடிக்கடி நடக்கிற இன்னொரு விஷயம்: கேட்டதுக்கெல்லாம் சூடோ போட்டு ஓட்டுறது. அப்புறம் உங்க ஃபோல்டரில் இருக்கிற ஃபைலே உங்களைத் திருத்த விடாது. ஏன்னா ரூட்டா இருந்து உருவாக்கின ஃபைலோட பட்டா ரூட் பேரில் இருக்கும். நிலம் உங்களுது, பட்டா அவர் பேரில்! ‘எல்எஸ்’ கமாண்டோட ‘மைனஸ் எல்’ போட்டா பட்டா யார் பேர்னு தெரியும். ‘சிஎச்-ஓன்’ போட்டு உங்க பேருக்கு மாத்திக்கலாம். தாலுகா ஆபீஸ் அலைச்சல் இல்லை.

இப்போ அந்த 777. சிஸ்டம் ஃபோல்டருக்கு மொத்தமா 777 கொடுத்தா என்ன ஆகும் தெரியுமா? சூடோவே செத்துப் போகும்! சூடோ வேலை செய்ய அந்த ஃபைல் மேல ஒரு விசேஷ முத்திரை இருக்கணும். டென்னிஸ் ரிச்சியின் யோசனை அது. 1979-ல் பேட்டன்ட்டும் கிடைச்சது. 777 எழுதினதும் அந்த முத்திரை அழிஞ்சிடும். எல்லாருக்கும் எல்லா உரிமையும் கொடுக்கப் போய், சரி பண்ற உரிமையும் கையை விட்டுப் போன கதை!

கிராக்குக்கு ‘எஸ்’ சொல்லாதீங்க

இது கொஞ்சம் சீரியஸ் மக்களே. கிராக் சாஃப்ட்வேரோட ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வரும். ‘ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணு, அட்மினா ஓட்டு’ன்னு அதில் இருக்கும். யோசிச்சுப் பாருங்க, முகம் தெரியாத ஒருத்தர் வந்து, ‘காவல்காரரை வீட்டுக்கு அனுப்பிட்டு மடைச் சாவியைக் கொடு’ன்னு கேட்டா கொடுப்போமா?

2018-க்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவின ‘ஸ்டாப்’ ரேன்சம்வேர் பெரும்பாலும் இந்த கிராக், கீஜென் வழியாத்தான் வந்தது. மாட்டினவங்க பெரிய கம்பெனிகள் இல்லை, நம்மளை மாதிரி வீட்டு யூசர்கள். போட்டோ, ரிப்போர்ட், சர்டிஃபிகேட் எல்லாத்தையும் பூட்டிட்டு 980 டாலர் கேட்டாங்க, 72 மணி நேரத்தில் கட்டினா பாதி விலைன்னு தள்ளுபடி வேற! 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் நிறுவனம் இலவசமா ஒரு திறவுகோல் கொடுத்துச்சு. 148 வகைகளுக்கு உதவிச்சு. அதுக்கப்புறம் வந்த வகைகளில் பெரும்பாலும் அது எடுபடலை.

உங்க ஃபைலைப் பூட்ட அதுக்கு அட்மின் அனுமதிகூடத் தேவையில்லை. உங்க வயலில் உங்களுக்கு உள்ள உரிமை, நீங்க ஓட்டுற புரோகிராமுக்கும் உண்டு. ஆனா நீங்க ‘எஸ்’ கொடுத்துட்டா, விண்டோஸ் எடுத்து வச்சிருக்கிற பழைய நகல்களையும் அது அழிச்சிடலாம். வீட்டுக்கே ஒரு லேப்டாப். அதில் தங்கச்சியோட ஸ்காலர்ஷிப் பேப்பர், அப்பாவோட பத்திர ஸ்கேன், நம்ம ஃபைனல் இயர் புராஜெக்ட் எல்லாம் இருக்கும். ஒரு ‘எஸ்’ஸோட விலை இது.

காசு இல்லைன்னா வழி இருக்கு. மேட்லேபுக்குப் பதிலா சைலாப், ஆக்டேவ். சர்க்யூட் போர்டு வரைய கீகேட். ஐ.ஐ.டி. பாம்பேயின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ல இந்த மாதிரி சாஃப்ட்வேர்களுக்குத் தமிழிலேயே பாடம் கிடைக்கும். ஜெட்பிரைன்ஸ், ஆட்டோடெஸ்க் மாதிரி கம்பெனிகள் ஸ்டூடன்ட்னு நிரூபிச்சா இலவசமாவே லைசென்ஸ் கொடுக்குறாங்க. 

லேப் மெஷின்னா?

இது வரைக்கும் சொன்னது சொந்த லேப்டாப் கதை. ஆனா லேப்டாப்பே இல்லாம, லேப் மெஷினை மட்டும் நம்பிப் படிக்கிறவங்க நம்ம கிளாஸிலேயே இருக்காங்க. அஞ்சு மணிக்கு லேப் பூட்டினா அவங்க புராஜெக்ட்டும் அன்னிக்குப் பூட்டு. அவங்களுக்கு ‘அக்சஸ் டினைடு’ பெட்டி சின்னத் தொல்லை இல்லை, மார்க்.

லேப் மெஷினோட நீர்பாய்ச்சி நாம இல்லை. பென் டிரைவில் பூட் பண்ணி அட்மின் பாஸ்வேர்டை உடைக்கிற வித்தையை நெட்டில் யாரும் கத்துக்கலாம். ஆனா உரிமையாளர் அனுமதி இல்லாம கம்ப்யூட்டருக்குள்ள நுழையறது 2000-ம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-வது பிரிவில் வருது. கெட்ட எண்ணத்தோட செஞ்சா 66-வது பிரிவு. மூணு வருஷம் வரை சிறை, அஞ்சு லட்சம் வரை அபராதம், இல்லை ரெண்டும். ஒரு இன்ஸ்டாலுக்கு இது தேவையா?

அதுக்காகச் சும்மா இருக்கணுமா? வேண்டாம். கேளுங்க, ஆனா சரியா கேளுங்க. “சார், ஒர்க் ஆகலை சார்”னு லேப் அசிஸ்டென்ட் முன்னாடி போய் நின்னா, “நாளைக்குப் பார்க்கலாம்”னுதான் பதில் வரும். அவருக்கு அறுபது மெஷின், நம்ம மெஷின் அதில் ஒண்ணு. ஒரு பேப்பரில் எழுதிக் கொடுங்க: சாஃப்ட்வேர் பெயர், வெர்ஷன், எவ்வளவு இடம் பிடிக்கும், லைசென்ஸ் இலவசமா, எந்தப் பரிசோதனைக்குத் தேவை, எர்ரர் ஸ்கிரீன்ஷாட். ஹெச்.ஓ.டி. கையெழுத்தோட, கிளாஸுக்கே சேர்த்து ஒரே பேப்பர். அதையும் செமஸ்டர் முதல் வாரமே கொடுங்க. மாடல் எக்ஸாமுக்கு முந்தின நாள் போய் நின்னா எந்த அட்மினாலும் அறுபது மெஷினிலும் ஏத்த முடியாது.

அது வரைக்கும்? இன்ஸ்டாலே தேவைப்படாத போர்ட்டபிள் வெர்ஷன் இருக்கான்னு பாருங்க, ஆனா அதையும் சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்க. பைத்தான்னா பிரவுசரிலேயே ஓடுற கூகுள் கோலாப் இருக்கு. கிளாஸில் லேப்டாப் வச்சிருக்கிற புண்ணியவான்களே, லேப் பூட்டினதுக்கு அப்புறம் உங்க மெஷினில் ஒரு மணி நேரம் நண்பனுக்கும் கொடுங்க. அட்மின் அக்கவுன்ட்டைக் கொடுக்க வேண்டாம், அவனுக்குன்னு சாதாரண யூசர் அக்கவுன்ட் ஒண்ணு போட்டுக் கொடுங்க. அவன் வயல் அவனுக்கு, உங்க வயல் உங்களுக்கு. பர்மிஷன்னு ஒண்ணைக் கண்டுபிடிச்சதே இப்படி ஒரே மெஷினைச் சண்டை இல்லாம பல பேர் பயன்படுத்தத்தானே!

ஆக, அடுத்த முறை அந்தப் பெட்டி குதிச்சு வந்தா மூணே கேள்வி: மெஷின் யாருது? ஃபோல்டர் யாருது? இந்த இன்ஸ்டாலரை நம்பலாமா? மூணுக்கும் பதில் தெரிஞ்சா ‘எஸ்’ கொடுங்க. ஒண்ணுக்குப் பதில் தெரியலைன்னாலும் ‘நோ’ கொடுத்துட்டு, தெரிஞ்சவங்களைக் கேளுங்க.

வரட்டுமா மக்களே? அடுத்த வாரம் சந்திப்போம்!